பகைவனின் தாய்



நம் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் விடிய விடியக் கூத்து நடக்கும் அல்லவா? கிரேக்க நாட்டு ஏதென்ஸ் நகரிலும் நாடகம் தெய்வத் திருவிழாவில்தான் நடந்தது. ஆனால் பகல் வெளிச்சத்தில். கி.மு. 472இல் அங்கே ஈஸ்கிலஸ் என்னும் புலவர் அரங்கேற்றிய 'பாரசீகர்கள்' நாடகத்தைப் பற்றி இன்று பார்ப்போம்.

கதை புராணமன்று, எட்டே ஆண்டுகளுக்கு முன் நடந்த போர். கி.மு. 480இல் பாரசீகப் பேரரசன் செர்க்ஸஸ் பெரும்படையோடு வந்து ஏதென்ஸைத் தீக்கிரையாக்கினான். பிறகு சலாமிஸ் தீவை ஒட்டிய குறுகிய கடலில் இரு கடற்படைகளும் மோதின. பாரசீகரிடம் கப்பல்கள் மிகுதி, அதுவே வினையாயிற்று. இடுக்கான நீரில் திரும்ப வழியின்றி ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன; துடுப்புகள் முறிந்தன. கிரேக்கர் வென்றனர்.

வென்றவர் நாடகம் என்றால் வெற்றி முழக்கத்தைத்தானே எதிர்பார்ப்போம்? ஈஸ்கிலஸோ கதையைப் பகைவரின் தலைநகரான சூசாவில் வைத்தார். கிரேக்க வீரன் ஒருவன் பெயர்கூட அதில் இல்லை. செர்க்ஸஸின் தாய் கெட்ட கனவு கண்டு கலங்கி நிற்கிறாள். தூதன் வருகிறான். நீரில் தத்தளித்தவர்களை, வலையில் விழுந்த மீனை அடிப்பதுபோல், முறிந்த துடுப்புகளால் அடித்துக் கொன்றதைச் சொல்கிறான். மாண்டவர் பெயர்களை அடுக்குகிறான். அதற்கு முன்பே, நெடுநேரம் வாயடைத்து நின்ற அந்தத் தாய், யார் யார் பிழைத்தார்கள் என்றுதான் கேட்டாள். மகன் பெயரைச் சொல்ல நா எழவில்லை போலும்! பெற்ற வயிறு அல்லவா?

எழுதியவர் யார் தெரியுமா? கி.மு. 490இல் மாரத்தான் போரில் இதே பாரசீகரை எதிர்த்து நின்றவர். அங்கே உடன்பிறந்தவனைப் பறிகொடுத்தவர். பார்க்க வந்தவர்களும் ஊர் எரிந்ததைக் கண்டவர்கள். எரிந்த கோயில்கள் குன்றின்மேல் இன்னும் இடிபாடாகவே கிடந்தன.

செர்க்ஸஸ் செய்தது நியாயம் என்று புலவர் சொல்லவில்லை. கடலுக்கே விலங்கு பூட்டுவதுபோல் பாலம் கட்டிய மகனின் அகந்தையை, இறந்த தந்தை தரியஸின் ஆவியே எழுந்து வந்து கண்டிக்கிறது.

கடைசியில் கிழிந்த ஆடையோடு செர்க்ஸஸ் திரும்புகிறான். அவன் எங்கே, இவன் எங்கே என்று முதியவர்கள் பெயர் பெயராய்க் கேட்கிறார்கள். கடற்கரையில் பிணமாக விட்டுவந்தேன் என்பதைத் தவிர அவனிடம் விடையில்லை. ஒப்பாரியோடு எல்லாரும் நடக்க, நாடகம் முடிகிறது.

அவ்வாண்டுப் போட்டியில் ஏதென்ஸ் மக்கள் ஈஸ்கிலஸுக்கே முதற்பரிசு கொடுத்தார்கள்.