பிழை செய்த பிள்ளைக்கு ஓர் இடம்
(ஆண்டு விழாவில் நூலகக் குழுவினர் சார்பில் ஆற்றிய உரை)



இம்மேடையில் நூலகக் குழுவினராகிய எங்கட்கு ஆண்டுதோறும் பத்து நிமிடம் ஒதுக்குவது வழக்கம். வாங்கிய நூல்கள் இத்தனை, கரையான் தின்றவை இத்தனை, எடுத்துச் சென்று திரும்பாதவை இத்தனை என்று கணக்குப் படித்துவிட்டு இறங்கிவிடுவோம். இவ்வாண்டு அக்கணக்கை மலரின் கடைசிப் பக்கங்களில் அச்சிட்டுவிட்டோம். படிக்காமல் விட்டால் எவரும் வருந்தப் போவதில்லை. கிடைத்த பத்து நிமிடத்தை வேறொரு செய்திக்குச் செலவிடத் தலைவரிடம் அனுமதி பெற்றிருக்கிறோம்.

சில மாதங்களுக்கு முன் நன்னடத்தை அலுவலர் ஒருவர் நம் நூலகத்துக்கு வந்தார். பதினெட்டு வயது நிரம்பாத பையன் ஒருவன் பீர் அருந்திவிட்டு ஸ்கூட்டர் ஓட்டிப் பிடிபட்டான். எவர்க்கும் காயமில்லை. இளஞ்சிறார் நீதிக் குழுமம் அவனைச் சில வாரங்கள் சமுதாயச் சேவை செய்யப் பணிக்க எண்ணுகிறது. ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் உங்கள் நூலகத்தில் அவனுக்கு வேலை தருவீர்களா, பெரியவர் ஒருவர் உடனிருந்து பார்த்துக்கொள்வாரா? இதுவே அவர் கேட்டது. பையனின் பெயரை அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் அன்பர்களும் அவன் எவன், எந்த மொழியினன், எந்தத் தெருவினன் என்று ஆராய முற்பட வேண்டா. அப்படி ஆராய்ந்து வெளியிடுவது சட்டப்படி குற்றம். ஆறு மாதச் சிறையோ இரண்டு இலட்ச ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம்.

செயற்குழு இரண்டு முறை கூடிப் பேசியது. இறுதியில் 'இப்போது இயலாது' என்று கடிதம் போயிற்று. எங்கள் நூலகக் குழுவினர் ஐவரில் மூவர் அம்மறுப்புக்கே கை தூக்கினோம். அதனை மறைத்துவிட்டு இன்று நல்லவர்கள் போல் பேசுவது முறையாகாது.

ஏன் மறுத்தோம்? நம் பெண் பிள்ளைகள் நூலகத்துக்கு வருகிறார்கள் என்றார் ஒருவர். வீணையும் ஆர்மோனியமும் அவ்வறையில்தானே இருக்கின்றன என்றார் மற்றொருவர். குடித்த பையனுக்கும் ஆர்மோனியத்துக்கும் என்ன தொடர்பு என்று அப்போது எவர்க்கும் கேட்கத் தோன்றவில்லை. ஆனால் மூத்த அன்பர் ஒருவர் கூறிய சொல்லே எங்களைச் சாய்த்தது. "முந்நூறு சொல்லில் கட்டுரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிற கதைதானே? அதற்கு நம் சங்கமும் துணை போக வேண்டுமா?" என்றார் அவர். அதன்பின் எவரும் வாய் திறக்கவில்லை.

அவர் எதனைக் குறித்தார் என்பது இவ்வூரில் வாழ்வோர்க்கு விளக்க வேண்டியதில்லை. 2024 மே 19-ஆம் நாள் பின்னிரவில், நம் புனே நகரத்துக் கல்யாணி நகர்ப் பகுதியில், 17 வயதுப் பையன் ஓட்டியதாகச் சொல்லப்பட்ட போர்ஷே கார் ஒரு மோட்டார் சைக்கிள் மீது மோதிற்று. மத்தியப் பிரதேசத்திலிருந்து பிழைக்க வந்த இளம் பொறியாளர் இருவர் உயிரிழந்தனர். நம்மைப் போலவே வேற்றூரிலிருந்து வேலை தேடி வந்தவர்கள். அன்றே அப்பையனுக்குப் பிணை கிடைத்தது. சாலை விபத்துப் பற்றி 300 சொல்லில் கட்டுரை எழுத வேண்டும், போக்குவரத்துக் காவலருடன் 15 நாள் பணி செய்ய வேண்டும் என்பன நிபந்தனைகளுள் சில. நாடே கொதித்தெழுந்தது. மூன்றாம் நாள் ஆணை மாற்றப்பட்டுப் பையன் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பப்பட்டான். சூன் 25-இல் உயர்நீதிமன்றம் அவனை விடுவித்தது. இரத்த மாதிரியையே மாற்றிவிட்டார்கள் என்று மருத்துவர்கள் மீதும் பெற்றோர் மீதும் காவல்துறை வழக்குத் தொடுத்தது. அவனை வயது வந்தவனாகக் கருதி விசாரிக்க வேண்டும் என்ற கோரிக்கையை 2025 சூலையில் நீதிக் குழுமம் ஏற்கவில்லை.

அக்கட்டுரையைப் பலரும் தண்டனை என்றே எண்ணிவிட்டோம். அது பிணைக்கு விதித்த நிபந்தனை. விசாரணை தொடங்குமுன், பையனின் வீட்டு நிலையை எவரும் ஆராயுமுன், சில மணி நேரத்துக்குள் எழுதிய ஆணை. இரண்டு உயிர் போன இடத்தில் அதனைப் படித்த மக்கள் சினந்ததில் வியப்பில்லை, நாங்களும் சினந்தோம். ஆயினும் அச்சினம் தணிந்தபின் நாங்கள் சட்டத்தையே எடுத்து வைத்துக்கொண்டு படித்தோம். நூலகக் குழுவுக்கு வேறு என்ன தெரியும்!

2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம், அதன் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்றாகத் 'திசைமாற்றல்' என்பதை வைத்திருக்கிறது. குழந்தையின் நலனோ சமூகத்தின் நலனோ வேறு விதமாகக் கோரினாலொழிய, நீதிமன்ற நடவடிக்கையின் வழியே போகாமல் வேறு வழியில் திருத்த முயல வேண்டும் என்பது அதன் பொருள். மூன்றாண்டுச் சிறைக்கு மேற்படாத குற்றங்கள் சிறு குற்றங்கள் எனப்படும். அத்தகைய குற்றம் செய்த பிள்ளையின் மீது முதல் தகவல் அறிக்கை எழுதுவதில்லை. நாட்குறிப்பில் பதிந்து, அவனுடைய சமூகப் பின்னணி அறிக்கையைக் குழுமத்துக்கு அனுப்புவார்கள். கைவிலங்கு கூடாது, காவல் நிலையக் கொட்டடி கூடாது. குழுமத்தில் நீதிபதி ஒருவரும் சமூகப் பணியாளர் இருவரும் அமர்வர். அவ்விருவரில் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும். நன்னடத்தை அலுவலர் வீட்டுக்குச் சென்று விசாரித்து இரு வாரத்துக்குள் அறிக்கை தர வேண்டும்.

பிறகு குழுமம் என்ன செய்யலாம் என்பதற்கு நீண்ட பட்டியலே உண்டு. பிள்ளைக்கும் பெற்றோர்க்கும் அறிவுரை கூறி அனுப்பலாம். குழுவாக அமர்ந்து ஆலோசனை பெறச் செய்யலாம். நன்னடத்தையில் விடலாம். இன்ன இடத்துக்குப் போகாதே என்று தடுக்கலாம். பழக்கம் முற்றியிருந்தால் குடிப்பழக்க மீட்புச் சிகிச்சைக்கு அனுப்பலாம். பதினான்கு வயதுக்கு மேற்பட்டவனாயின் சமுதாயச் சேவை செய்யச் சொல்லலாம். பூங்காவைத் துப்புரவாக்குவதும் முதியோர்க்கு உதவுவதும் மருத்துவமனையில் கைகொடுப்பதும் விதிகளிலேயே எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. இவற்றுள் எதனைச் செய்து முடித்தாலும் அந்தக் குறை அவன் வாழ்வைத் தொடர்ந்து வராது. சட்டத்தின் 24-ஆம் பிரிவு அவனுக்கு எத்தகுதிக் குறைவும் நேராதபடி காக்கிறது. மேல்முறையீட்டுக் காலம் கழிந்தபின் பதிவேடுகளையே அழித்துவிடச் சொல்கிறது. கல்லூரி விண்ணப்பத்திலும் வேலை விண்ணப்பத்திலும் அது வந்து நிற்காது.

இவ்வழி முற்றிலும் புதிதன்று. 1899-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் சிறார்க்கெனத் தனி நீதிமன்றம் தோன்றிற்று. நம் நாட்டில் இவ்வகையில் முதற் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம், ஆண்டு 1920. வங்காளம் 1922-இலும் நாம் வாழும் இப்பம்பாய் மாகாணம் 1924-இலும் பின்தொடர்ந்தன. (சென்னையைப் பற்றி ஒரு நல்ல சொல் சொல்ல வாய்ப்பு வந்தால் விடுவதில்லை என்பது இச்சங்கத்தின் பழைய பழக்கம், பொறுத்தருள்க.) அமெரிக்காவில் 1984-இல் நடுவணரசு ஒரு சட்டம் செய்தது. மது வாங்கும் வயதை 21 ஆக்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை மானியத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்வோம் என்றது. பணம் போகிறது என்றதும் எல்லா மாநிலமும் வழிக்கு வந்தன. விளைவு யாது? பதினெட்டு வயதில் வாக்களிக்கும் இளைஞன் பத்தொன்பது வயதில் பீர்க் குவளையோடு நின்றால் குற்றவாளி. அத்தனை பேரையும் குற்றவாளியாகப் பதிவு செய்தால் ஒரு தலைமுறையே கறைபட்டுப் போகும். ஆகவே பல மாவட்டங்களில் மாற்றுவழி அமைத்தார்கள். மதுவைப் பற்றிய வகுப்புக்குச் சில நாள் செல்ல வேண்டும். இத்தனை மணி நேரம் ஊர்ப்பணி செய்ய வேண்டும். முடித்தால் வழக்கு தள்ளுபடி. சில ஊர்களில் ஒத்த வயதுப் பிள்ளைகளே அமர்ந்து தீர்ப்புச் சொல்லும் இளையோர் மன்றங்களும் உண்டு.

அதிலும் குறை இல்லாமலில்லை. வகுப்புக்குக் கட்டணம் கேட்கும் இடங்களில் ஏழைப் பிள்ளை கட்ட இயலாமல் மீண்டும் நீதிமன்றப் படியேறுகிறான். முன்பெல்லாம் காவலர் அதட்டி வீட்டுக்கு அனுப்பிவிடும் பிள்ளைகூட, வகுப்பு இருக்கிறது என்பதாலேயே இவ்வலையில் இழுக்கப்படுகிறான் என்று அங்குள்ள அறிஞர் குறை கூறுகின்றனர். நாம் இதனை அமுதம் என்று கருத வேண்டியதில்லை.

இனி நம் பக்கம் வருவோம். மகாராட்டிரத்தில் பீர் அருந்த வயது 21. கடுமையான மதுவுக்கு 25. பேருந்தில் ஓரிரவு சென்றால் கோவாவில் 18. நம் பிள்ளைகள் கல்லூரிச் சுற்றுலாவுக்கு எங்கே போகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். மற்றொன்று. "வெளியே போய்க் கெடுவதைவிட வீட்டிலேயே ஒரு வாய் கொடுத்துப் பழக்கிவிடலாம்" என்று திருமண வரவேற்பின்போது மருமகனுக்குக் கிண்ணம் நீட்டும் மாமன்மார் நம்மிடையே உண்டு. மருத்துவர் ஆணையின்றிக் குழந்தைக்கு மது கொடுப்பவர்க்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஓர் இலட்ச ரூபாய் வரை அபராதமும் விதிக்க அதே சட்டத்தின் 77-ஆம் பிரிவு இடமளிக்கிறது. பிள்ளையிடம் வண்டிச் சாவி கொடுப்பவரையும் சட்டம் விடவில்லை. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், ஓராண்டுக்கு வண்டியின் பதிவு நீக்கம். பையனுக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமமும் கிடையாது. குடித்த பிள்ளையிடம் சட்டம் இரக்கம் காட்டுகிறது; கொடுத்த பெரியவரிடம் காட்டுவதில்லை. இது எங்களுக்கு நியாயமாகவே படுகிறது.

மூத்த அன்பரின் கேள்வி இன்னும் நிற்கிறது. முந்நூறு சொல் கட்டுரைக்கும் நம் நூலகத்தில் ஞாயிறுதோறும் வேலை செய்வதற்கும் வேறுபாடு என்ன? கட்டுரையை எவரும் எழுதிக் கொடுத்துவிடலாம். பணம் இருந்தால் எழுதித் தரவும் ஆள் கிடைப்பார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவனே வந்தாக வேண்டும். கிழிந்த நூலுக்கு அட்டை ஒட்டினானா என்று பக்கத்தில் இருப்பவர்க்குத் தெரியும். வராவிட்டால் அலுவலருக்குத் தெரிவிக்கப்படும்.

மறுப்புக் கடிதம் அனுப்பிய சில வாரங்கள் கழித்து அதே அலுவலரைக் கடைத்தெருவில் கண்டோம். பையன் என்ன ஆனான் என்று கேட்க வாயெடுத்தோம். அவர் சொல்லக் கூடாது, நாம் கேட்கக் கூடாது என்பது நினைவு வந்து நிறுத்திக்கொண்டோம். அவர் மட்டும் பொதுவாக ஒன்று சொன்னார். "ஆணை எழுதுவது எளிது, ஐயா. அனுப்புவதற்கு இடம் கிடைப்பதுதான் அரிது. மருத்துவமனை வேண்டாம் என்கிறது, பள்ளி வேண்டாம் என்கிறது. இடம் கிடைக்காத பிள்ளைகளுக்கு அறிவுரை கூறி அனுப்பிவிடுகிறோம்." அவர் குறை கூறும் தொனியில் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் காய்கறி வாங்கப் போய்விட்டார். எங்களுக்குத்தான் அன்றிரவு உறக்கம் சரியாக வரவில்லை. கட்டுரை எழுதிவிட்டுத் தப்பிக்கிறார்கள் என்று ஊரெல்லாம் குறைகூறிய நாமே, அக்கட்டுரைக்கு மேல் வேறொன்று நடக்க இடம் கொடாமல் கதவடைத்திருக்கிறோம்.

2024 சூலை முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்கிதா, பொது இடத்தில் குடித்துவிட்டு ஒழுங்கீனமாய் நடக்கும் வயது வந்தவர்க்கும் சமுதாயச் சேவையை ஒரு தண்டனையாக வைத்திருக்கிறது. இனிமேல் பையன்மார் மட்டுமல்லர், பெரியவர்களும் துடைப்பத்தோடு நிற்கக்கூடும். அவர்களையும் நம்மிடம் அனுப்பினால் என்ன செய்வது என்பதை இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம். இப்போது நாங்கள் கேட்பது சிறுவர்க்கு மட்டுமே.

அலுவலரிடமிருந்து இரண்டாவது கடிதம் வந்திருக்கிறது. வரும் ஆண்டுக்கு ஒரு நேரத்தில் ஒரு பிள்ளை என்ற அளவில் ஏற்க இயலுமா என்று கேட்டிருக்கிறார். உயிர்ச்சேதமோ காயமோ நேர்ந்த வழக்குகளை அனுப்புவதில்லை என்றும் எழுதியிருக்கிறார். இதனை அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூடும் பொதுக்குழுவின் முன் வைக்கிறோம். சென்ற முறை எதிர்த்துக் கை தூக்கிய எங்களில் இருவர் இம்முறை ஆதரிப்போம். மூன்றாமவர் இன்னும் மனம் மாறவில்லை. தம் கருத்தை அன்று தாமே கூறுவார். அவர் சொல்வதையும் பொறுமையோடு கேட்க வேண்டுகிறோம். பிள்ளையின் அடையாளம் இக்குடியிருப்பில் மறைவாய் நிற்குமா என்ற அவருடைய ஐயம் புறக்கணிக்கத் தக்கதன்று. பெயர் கேளாமை, படம் எடாமை, வருகைப் பதிவேட்டில் எண் மட்டும் எழுதுதல் என்று மூன்று விதிகளை வரைந்திருக்கிறோம். போதுமா என்பதைத் தாய்மார்கள்தாம் கூற வேண்டும். இக்குடியிருப்பில் ஒரு செய்தி எத்தனை நிமிடத்தில் எந்த வீட்டுக்குப் போகும் என்பதை எங்களினும் அவர்கள் நன்கு அறிவார்கள்.

தீர்மானம் நிறைவேறினால் ஞாயிறுதோறும் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை நூலகத்தில் அமர மூவர் தேவை. மாதம் ஒரு முறை ஒருவர் வந்தால் போதும், ஓய்வுபெற்றோராயின் சிறப்பு. வீணையும் ஆர்மோனியமும் மாடி அறைக்கு மாற்றப்பட்டுவிட்டன, அது கரையானுக்காக. பெயர் கொடுக்க விரும்புவோர்க்காகக் குறிப்பேடு ஒன்று நூலக மேசை மேல் இருக்கிறது. சிற்றுண்டிக்குப் பிறகு அறை அரைமணி நேரம் திறந்திருக்கும்.