வேடரும் சின்னத்திரையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தொலைக்காட்சியும் பொதுமக்கள் அபிப்பிராயமும் என்ற பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். பொருளோ பெரிது, பேச வந்தவனோ இன்னும் பட்டப்படிப்பை முடிக்காத மாணவன். ஆகவே அப்பெரும் பொருளில் ஒரு சிறு கூற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வேட்டையாடி உயிர்வாழும் மக்களைத் தொலைக்காட்சி எவ்வாறு காட்டுகிறது? அதைப் பார்த்துவிட்டு நாம் அவர்களைப்பற்றி எவ்வாறு தீர்ப்புச் சொல்கிறோம்? இவ்விரு வினாக்களே என் பேச்சு. கடற்கரை ஊராகிய மயிலிட்டிக்கும் வேட்டைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். பேச்சு முடியுமுன் அது விளங்கும்.

சைவ உலகம் நன்கறிந்த ஒரு வேடர் கதையிலிருந்து தொடங்குகிறேன். காளத்தி மலையிலே சிவகோசரியார் என்னும் அந்தணர் ஒவ்வொரு நாட்காலையும் வந்து பார்க்கிறார். சந்நிதியிலே இறைச்சித் துண்டும் எலும்பும் கிடக்கின்றன. யாரோ ஒரு கொடியவன் செய்த அநுசிதம் என்று மனம் பதைக்கிறார். அவர் கண்டது பொய்யன்று. இறைச்சி உண்மையாகவே அங்கே கிடந்தது. ஆனால் அதைக் கொண்டுவந்தவனை அவர் காணவில்லை. அவன் அன்பையும் காணவில்லை. ஆறாம் நாள், இறைவன் கனவில் பணித்தபடி மறைந்திருந்து முழுவதையும் பார்த்தபோதுதான் திண்ணன் கண்ணப்பரான வரலாறு அவருக்குத் தெரிந்தது. எச்சத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது ஒன்று. இருந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வது வேறொன்று. தொலைக்காட்சி நமக்குப் பெரும்பாலும் காட்டுவது எச்சத்தையே.

இதற்கு உலகறிந்த சான்று கனடா நாட்டிலே உண்டு. 1964ஆம் ஆண்டு, செயின்ற் லோறன்ஸ் வளைகுடாவின் பனிப்பரப்பில் நடக்கும் கடல்நாய் வேட்டையைப்பற்றிய ஒரு படம் அந்நாட்டுத் தொலைக்காட்சியில் காட்டப்பட்டது. உயிரோடிருக்கும் ஒரு கடல்நாயின் தோலை உரிப்பதுபோன்ற காட்சி அதில் இருந்தது. கண்டவர் நெஞ்சம் கொதித்தது; எதிர்ப்பு ஐரோப்பாவரை பரவியது. சில ஆண்டுகளின் பின், அவ்வாறு தோலுரித்தவர் என்று கூறப்பட்ட வேட்டைக்காரரே, படமெடுத்தவர்கள் தமக்குப் பணம் தந்து அதனைச் செய்வித்தனர் என்று சத்தியம்செய்து கூறினார். ஆனால் அந்தச் சொல் படத்தைப்போல் பரவவில்லை. 1983இல் ஐரோப்பியப் பொருளாதார சமூகம் கடல்நாய்க் குட்டிகளின் தோலை இறக்குமதி செய்வதைத் தடைசெய்தது.

இங்கே நாம் சிந்திக்கவேண்டியது, இத்தடையின் சுமை யார் தலையில் விழுந்தது என்பதே. வடதுருவத்தை அடுத்து வாழும் இனுவிட் மக்கள், நம் பாடநூல்கள் எஸ்கிமோவர் என்று சொல்லிவந்தவர்கள், அந்தக் குட்டிகளை நாடி வேட்டையாடியவர்களல்லர். வளர்ந்த கடல்நாயைப் பிடித்து, இறைச்சியை ஊரோடு பகிர்ந்துண்டு, மிஞ்சிய தோலை விற்று, துப்பாக்கி ரவைக்கும் எரிபொருளுக்கும் பணம் தேடியவர்கள். சட்டம் அவர்களுக்கு விலக்கு அளித்தது. ஆயினும் கடல்நாய்த் தோல் என்ற சொல்லே ஐரோப்பியச் சந்தையில் அருவருப்பாகிவிட்டதால் விலை வீழ்ந்தது. அவர்களுடைய பக்கத்தை அவர்களுள் ஒருவரே 'கோபங்கொண்ட இனுக்' என்னும் பொருள்படும் ஆவணப்படமாக எடுத்து உலகுக்குக் காட்டியது 2016ஆம் ஆண்டில். முதற்படத்துக்கும் இந்த மறுமொழிக்கும் இடையே ஐம்பத்திரண்டு ஆண்டுகள்!

கிறித்தவ மிஷன் பாடசாலையிலே படித்தவன் நான். அங்கே கேட்ட ஏசாவின் கதை இவ்விடத்தில் என் நினைவுக்கு வருகிறது. ஏசா வேட்டையில் வல்லவன். தந்தையின் சொற்படி அவன் வேட்டைக்குப் போயிருந்த வேளையிலே, அவனுக்குரிய ஆசீர்வாதம் தம்பிக்குப் போய்விட்டது. வேட்டைக்காரன் வீட்டில் இல்லாத நேரத்திலேதான் அவனைப்பற்றிய முடிவுகள் நடந்துவிடுகின்றன.

இனி நமக்கு அண்மையிலுள்ள ஒரு மக்களைப் பார்ப்போம். தமிழ்நாட்டிலே இருளர் என்னும் பழங்குடியினர் இருக்கின்றனர். பாம்பின் தடத்தையும் கழிவையும் கழற்றிய சட்டையையும் பார்த்தே அது எந்த வளையில் இருக்கிறது என்று சொல்ல வல்லவர்கள். ஒருகாலத்தில் பாம்புத்தோல் வியாபாரிகளுக்காகப் பாம்பு பிடித்துக் கொடுத்தனர். இந்தியாவில் 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பின்னர் தோல் ஏற்றுமதியும் தடைசெய்யப்பட்டது. அவர்கள் பிழைப்புப் போயிற்று. 1978இல், முதலைப் பண்ணையை நிறுவிய ரொமுலஸ் விற்றேக்கர் என்பவரின் முயற்சியால், சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. இப்போது அவர்கள் பாம்பைக் கொல்வதில்லை. பிடித்துவந்து, துணியால் வாய்கட்டிய மட்பானையில் சில வாரம் வைத்து, விஷத்தை எடுத்தபின் மீண்டும் காட்டிலே விட்டுவிடுகின்றனர்.

நல்லபாம்பு, கட்டுவிரியன், சுருட்டை, நாம் புடையன் என்று சொல்லும் கண்ணாடிவிரியன் ஆகிய நான்கின் விஷமே விஷமுறிவு மருந்துக்கு மூலப்பொருள். நம் நாட்டு வைத்தியசாலைகளுக்கு அம்மருந்து நெடுங்காலமாக இந்தியாவிலிருந்தே வருகிறது. புகையிலைத் தோட்டத்திலே புடையன் கடித்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோகப்பட்டுப் பிழைத்தவர்கள் நம் பகுதியில் இல்லையா? அந்த மருந்துக்குப் பின்னால் முகமறியாத இருளர் ஒருவரின் கை இருந்திருக்கக்கூடும் என்பதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

2017ஆம் ஆண்டு, அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருளர் இருவரை அழைத்தது. வளர்ப்பதற்காகக் கொண்டுவரப்பட்ட பர்மிய மலைப்பாம்புகள் அங்கே சதுப்புநிலத்தில் பெருகி, சிற்றுயிர்களை அழித்துக்கொண்டிருந்தன. அதற்கு முந்திய ஆண்டு ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கூடி ஒரு மாதம் வேட்டையாடிப் பிடித்தவை 106 பாம்புகள். இவ்விருவரோ முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே 13 பாம்புகளைப் பிடித்தனர். அவற்றுள் ஒன்று 16 அடி நீளம். உலகத் தொலைக்காட்சிகள் அவர்கள் பின்னால் ஓடின. 2023இல் இந்திய அரசு இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அளித்தது. மகிழ்ச்சிக்குரிய செய்தி, தொலைக்காட்சி செய்த நன்மையை மறைப்பது நீதியாகாது. ஆனால் அவர்களுடைய அறிவு 2017இல் பிறந்ததன்று. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து அவர்கள் கையில் இருந்தது. அண்டை ஊரார்க்கு அதைக் காட்ட அமெரிக்கக் கமராவன்றோ தேவைப்பட்டது?

நம் இலங்கையின் வேடர் நிலையும் அறியத்தக்கது. 1983இல் மாதுறு ஓயா தேசிய வனம் அமைக்கப்பட்டபோது அவர்களுடைய வேட்டைக்காடு தடைசெய்யப்பட்ட நிலமாயிற்று. எனினும் தொலைக்காட்சி அவர்களைக் காட்டும்போது தோளிலே கோடரியும் கையிலே வில்லும் தவறாமல் இருக்கின்றன. காடு எடுக்கப்பட்டதைக் காட்டாமல் வில்லை மட்டும் காட்டினால், பார்ப்பவர் மனத்தில் அவர்கள் விழாக்கோலத்து மனிதராகிவிடுகின்றனர். வாகரை, மூதூர்ப் பகுதிகளில் தமிழ் பேசும் வேடர் இருக்கின்றனர் என்பது நம்முள் எத்தனை பேருக்குத் தெரியும்?

இப்பொழுது மயிலிட்டிக்கு வருகிறேன். நாம் வேடரல்லர், ஆனால் கடலிலே வேட்டையாடி வாழ்ந்த ஊரவர். 1990இல் இவ்வூரை விட்டுப் போனோம். 2017இல் துறைமுகத்துக்குத் திரும்பினோம். நான் பிறந்தது இடம்பெயர்ந்த வாழ்விலே. ஆகவே என் பேரனாரின் தொழிலைக் கண்ணால் காணுமுன்பே தொலைக்காட்சியில் மீன்பிடியைப் பார்த்தவன் நான். சிறுவயதில், வலையிலே துடிக்கும் மீனைக் காட்டிய ஒரு நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு, வகுப்புத் தோழன் ஒருவன் "உங்கட ஆக்கள் கொலைகாரர்தானே" என்றான். நான் வெட்கப்பட்டேன். பேரனாருக்கு என்ன தொழில் என்று அதன்பின் யாராவது கேட்டால், வியாபாரம் என்று பொய் சொன்னேன். சில ஆண்டுகளின் பின், அலாஸ்காக் கடலிலே நண்டு பிடிப்போரை வீரர்களாகக் காட்டும் அமெரிக்கத் தொடர் ஒன்றைப் பார்த்தேன். 2005இல் தொடங்கிய தொடர் அது. உடனே எனக்குப் பெருமை வந்தது. பேரனாரும் வீரர் என்று தோழரிடம் சொல்லிக்கொண்டேன். சபையோரே, அந்த வெட்கமும் என்னுடையதன்று. அந்தப் பெருமையும் என்னுடையதன்று. இரண்டும் திரை தந்தவை. பேரனாரிடம் அதுவரை நான் ஒரு கேள்வியும் கேட்டிருக்கவில்லை.

ஊர் திரும்பியபின் ஒருநாள் படப்பிடிப்பாளர் சிலர் கரைக்கு வந்தனர். உச்சி வெயிலில், அழகாக இருக்கும் என்று சொல்லி, பேரனாரை வலை வீசச் சொன்னார்கள். மூன்று தரம் வீசினார். அவர்கள் போனபின் என்னைப் பார்த்து, "தம்பி, இந்த நேரத்திலை ஆர் வலை வீசுறது? அவையளுக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லைப் போல" என்று சொல்லிச் சிரித்தார். அன்று மாலை முதன்முறையாக அவரிடம் தொழிலைப்பற்றிக் கேட்டேன். வாடையிலும் சோளகத்திலும் கடல் எப்படி மாறும் என்றும், நட்சத்திரம் பார்த்து எப்படிக் கரை சேர்வது என்றும், ஒன்றும் அகப்படாமல் வெறும் வள்ளத்தோடு திரும்பிய நாட்களைப்பற்றியும் சொன்னார். அந்த வெறும் வள்ளத்தை எந்தத் தொலைக்காட்சியிலும் நான் கண்டதில்லை. காத்திருப்பும் கடனும் வெட்டப்பட்டு, பிடிபடும் கணம் மட்டுமே திரைக்கு வருகிறது.

கொல்லாமையைப் போற்றும் சைவசமயத்தவர் நிறைந்த இச்சபையில், வேட்டைக்கு வக்காலத்து வாங்குகிறானே என்று பெரியோர் சிலர் எண்ணலாம். அப்படியன்று. புலால் மறுத்தல் உயர்ந்த அறம். பொழுதுபோக்குக்காக உயிர் கொல்வதைக் கண்டிக்க வேண்டியதும் உண்மையே. ஆனால் அருவருப்பு வேறு, அறம் வேறு. அறத்தின்படி தீர்ப்புச் சொல்பவன் மறுபக்கத்தையும் விசாரித்தாக வேண்டும்.

முடிவாக, நம் சங்கத்துக்கு இரண்டு விண்ணப்பங்கள். ஒன்று, இத்தகைய நிகழ்ச்சியை இளைஞர் பார்க்கும்போது, இதை எடுத்தவர் யார், எதை வெட்டினார், இதனால் யாருடைய சோறு போகும் என்று கேட்டுப் பழகவேண்டும். மற்றொன்று, இன்று நம் ஒவ்வொருவர் கையிலும் கமராவோடு கூடிய தொலைபேசி இருக்கிறது. கடலறிந்த முதியோர் நம்மிடையே இருக்கும்போதே, அவர்கள் பேச்சை வெட்டாமல் பதிந்து சங்க வாசிகசாலையில் சேர்த்து வைப்போம். இனுவிட் மக்கள்போல் ஐம்பது ஆண்டுகள் நாம் காத்திருக்க முடியாது. அவ்வாறு காத்திருந்தால், கேட்பதற்கு இளைஞர் இருப்பர்; சொல்லுவதற்குப் பெரியோர் இரார்.