லாடமா, வெறுங்காலா?

(எபிசோட் உரையின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

குதிரைகளைப் பத்திப் பேச ஆரம்பிச்சதிலிருந்து எனக்கு அதிகமா வர்ற கேள்வி இதுதான்: "காலில் ஆணி அடிச்சு இரும்பை மாட்டுறது கொடுமை இல்லையா? லாடம் இல்லாமலே விட்டா என்ன?" இன்னைக்கு அதைப் பேசிடலாம்.

நான் சென்னைக்கு வெளியே ஒரு சின்ன குதிரையேற்றப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். எங்ககிட்ட ஒரு பெண் குதிரை இருக்கா. ரேஸில் ஓடி ஓய்வு பெற்றவ. அவளுக்கு லாடம் தொடரணுமா, கழட்டணுமான்னு இந்த வருஷம் நாங்களும் முடிவெடுக்க வேண்டி இருந்தது. அதனால இது எனக்குப் புத்தகக் கேள்வி இல்லை.

முதல்ல வலி. குளம்போட வெளிச்சுவர் நம்ம நகம் மாதிரி. அதுல நரம்பும் இல்லை, ரத்தமும் இல்லை. ஆணி அந்தச் சுவருக்குள்ள நுழைஞ்சு, வெளிப்பக்கமா வளைஞ்சு வந்துடும். அப்படி வளையுற மாதிரிதான் ஆணியோட முனையே செதுக்கப்பட்டிருக்கும். வெளியே வந்த முனையை மடக்கி விடுவாங்க. சரியா அடிச்சா குதிரை அசையாம நிக்கும். ஆனா சுவர் சுமார் ஒரு சென்டிமீட்டர் தடிமன்தான். அதைத் தாண்டினா உயிருள்ள சதை. ஆணி கொஞ்சம் உள்ளே போனாலும் குதிரை நொண்டும், சீழ் பிடிக்கும். அதாவது வலி வருமா வராதாங்கிறது அடிக்கிறவர் கையில் இருக்கு.

சரி, எதுக்கு லாடம்? குளம்பு மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவா வளரும். நடக்க நடக்கத் தேயும். தேய்மானமும் வளர்ச்சியும் சமமா இருந்தா பிரச்சினை இல்லை. தார் ரோட்டில் தினமும் ஆளைச் சுமந்து நடந்தா, வளர்றதைவிட வேகமாத் தேயும். அந்தத் தேய்மானத்தை இரும்பு வாங்கிக்கும். நம்ம ஊர் வண்டி மாட்டுக்கும் இதே கணக்குதான். மாட்டுக் குளம்பு பிளந்திருக்கும், அதனால ஒரு காலுக்கு ரெண்டு துண்டு லாடம். குதிரைக்குப் பிளவில்லாத குளம்பு, அதனால வளைவா ஒரே துண்டு.

இப்போ எதிர்த்தரப்பு. கிரேக்கத்தில் செனோபன் 2,300 வருஷத்துக்கும் மேல முன்னாடி குதிரை வளர்ப்பு பத்தி எழுதினவர். அவர் காலத்துக் குதிரைகளுக்கு ஆணி அடிச்ச லாடம் கிடையாது. குளம்பு உறுதியாக, லாயத்துக்கு வெளியே உருண்டைக் கற்களைக் கொட்டி அதுமேல குதிரையை நிறுத்தச் சொல்றார். அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸில், தடை தாண்டும் குதிரையேற்றத்தில் ஸ்வீடன் அணி தங்கம் வாங்கிச்சு. அந்த அணியோட மூணு குதிரைகளில் ரெண்டு, கிங் எட்வர்டும் ஆல் இன்னும், லாடம் இல்லாமத்தான் தாண்டின.

வெறுங்காலுக்கு உண்மையான நன்மைகள் இருக்கு. எடை விழும்போது குளம்போட பின்பாதி லேசா விரியும், தூக்கும்போது சுருங்கும். அதிர்ச்சியைத் தாங்குற ஏற்பாடு அது. இரும்பு அந்த அசைவைக் கொஞ்சம் பிடிச்சு வைக்கும். வழுவழுப்பான ரோட்டில் இரும்பு வழுக்கவும் செய்யும். வெறும் குளம்புக்குப் பிடிமானம் அதிகம்.

"அப்போ முடிவு தெளிவாயிடுச்சே"ன்னு நீங்க கேட்கலாம். எங்க பள்ளியிலும் இளவட்டங்க அதையேதான் சொன்னாங்க: "காட்டுக்குதிரைக்கு யாரு லாடம் அடிச்சா?" நியாயமான கேள்விதான். ஆனா காட்டுக்குதிரை நாள் முழுக்கக் காய்ஞ்ச தரையில் நடந்துக்கிட்டே இருக்கும். அது முதுகில் யாரும் உட்கார்றதில்லை. எங்க குதிரை ஒரு நாளில் பெரும்பகுதி லாயத்தில்தான் நிக்கிறா. அதுலயும் ரேஸ் குதிரைகளுக்குச் சின்ன வயசிலேயே லாடம் வந்துடும், ஓடும்போது எடை குறைஞ்ச அலுமினிய லாடம். அந்த இனத்தில் நிறைய குதிரைகளுக்குக் குளம்புச் சுவரும் அடிப்பாகமும் மெல்லிசா இருக்கும். இவளுக்கும் அப்படித்தான்.

இதுல இன்னொரு விஷயத்தையும் மறைக்காம சொல்லணும். பள்ளிக் குதிரை தன் தீவனத்தைத் தானே சம்பாதிக்கணும். மாசக்கணக்கில் நொண்டினா, "இதை வித்துடலாமா"ங்கிற பேச்சு வரும். வித்த பிறகு அது எங்க போகும்னு யாருக்கும் தெரியாது. அதனால நாங்க எடுக்கப்போற முடிவில் அவளோட எதிர்காலமும் இருந்தது.

எங்களுக்கு லாடம் அடிக்கிற பாய் முப்பது வருஷத்துக்கு மேல இதே வேலையில் இருக்கார். விவாதத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுட்டு, "என்கிட்ட ஏன் கேக்குறீங்க தம்பி? குதிரைகிட்ட கேளுங்க"ன்னார். நாலு லாடத்தையும் கழட்டினார். குளம்பைச் சீவிட்டு, முதல்ல மணலில் நடத்தச் சொன்னார். நல்லா நடந்தா. அடுத்து ஜல்லிப் பாதை. பின்னங்கால் ரெண்டும் தயங்காம விழுந்தது. முன்னங்காலை மட்டும் சுடுகல்லில் வைக்கிற மாதிரி வெச்சா. குதிரையோட எடையில் அறுபது சதவீதம் முன்னங்காலில்தான் விழும், அதனால அங்கதான் முதல்ல தெரியும்.

அன்னைக்கே முன்னங்கால் ரெண்டுக்கும் திரும்ப லாடம் அடிச்சோம். பின்னங்காலை வெறுமனே விட்டோம். முழுசாக் கழட்டுறதா இருந்தா, பழைய ஆணி ஓட்டைகள் வளர்ந்து கீழே போய், அடிப்பாகம் தடிச்சுவர மாசக்கணக்கில் ஆகும். அதுவரை ரைடிங் இல்லாம ஓய்வு கொடுக்கணும், இல்லைன்னா ரப்பர் ஷூ மாட்டணும். அந்த ஓய்வைக் கொடுக்க எங்களால முடியாதுங்கிறது அவளோட குறை இல்லை, எங்க சூழ்நிலை. இப்போ நாலு மாசம் ஆச்சு. பின்னங்குளம்பு முன்னைவிட உறுதியா, அகலமா இருக்கு. முன்னங்கால் பத்தின கேள்வியை மழைக்காலம் முடிஞ்சு மறுபடி எடுப்போம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் குளம்பு ஊறி மெத்துனு ஆயிடும். வெறுங்காலைப் பழக்க அது நேரம் இல்லை.

இதுல நான் புரிஞ்சுக்கிட்டது: லாடம் கொடுமை, வெறுங்கால் இயற்கைன்னு ஒரு வரியில் தீர்ப்பு எழுத முடியாது. எந்தக் குதிரை, எந்தத் தரை, என்ன வேலை, இந்த மூணையும் பார்க்கணும். ஒரே குதிரையோட முன்காலும் பின்காலும்கூட வேற வேற பதில் சொல்லும்.

எந்த முடிவு எடுத்தாலும் ஒரு கடமையில் விடுமுறை கிடையாது. லாடம் போட்டா குளம்பு தேயாது, வளர்ந்துக்கிட்டே போகும். முன்பக்கம் நீண்டா தசைநாண்களில் இழுவை ஏறும். அதனால ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள்ள கழட்டி, சீவி, திரும்ப அடிக்கணும். வெறுங்காலுக்கும் கிட்டத்தட்ட அதே இடைவெளியில் சீவணும். தினமும் காலைத் தூக்கி, சாணியும் கல்லும் சுரண்டணும். குளம்புக்கு நடுவில் முக்கோணமா ரப்பர் மாதிரி ஒரு பகுதி இருக்கும். அது கறுத்து நாத்தம் அடிச்சா அழுகல் ஆரம்பிச்சிருக்குன்னு அர்த்தம். "இயற்கையா விட்டுட்டோம்"னு சொல்லிட்டு யாருமே காலைத் தூக்கிப் பார்க்கலைன்னா, அதுக்குப் பேரு அலட்சியம்.

கடைசியா உங்களுக்கு. மெரினாவிலோ ஊட்டியிலோ குதிரை ஏறுறதுக்கு முன்னாடி கீழே பாருங்க. குளம்பு செருப்பு முனை மாதிரி நீண்டிருக்கா? வெடிப்பு இருக்கா? லாடம் நகர்ந்து, ஆணித்தலை துருத்திக்கிட்டு நிக்குதா? நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் தலையைத் தூக்கித் தூக்கிப் போடுதா? அப்படின்னா முன்னங்காலில் வலி. ஏறாதீங்க. குதிரைக்காரர்கிட்ட, "அண்ணே, காலு வலிக்குது போல, பாருங்க"ன்னு சொல்லுங்க. திட்ட வேண்டாம், வீடியோ எடுத்து மிரட்டவும் வேண்டாம். அவரோட பிழைப்பும் அந்த நாலு குளம்பு மேலதான் நிக்குது.

அடுத்த வாரம் பார்க்கலாம்.