அமெரிக்கப் பள்ளியில் இறுதியாண்டுக் கணிதம்



அமெரிக்காவில் வாழும் மகனோ மகளோ தொலைபேசியில் அழைக்கும்போது, பதினோராம் வகுப்பில் பயிலும் பெயர்த்தியைப் பற்றிய பேச்சில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வருவதை இங்குள்ள தாத்தா பாட்டிமார் சிலர் கேட்டிருக்கக்கூடும். கால்குலஸ் என்பது அச்சொல், அதாவது நுண்கணிதம். அடுத்த ஆண்டு அதை எடுப்பதா, புள்ளியியலை எடுப்பதா என்று அங்கே வீட்டில் வாரக்கணக்கில் வாதம் நடக்கிறது. தந்தை ஒன்று சொல்வார். பிள்ளை வேறொன்று சொல்லும். அவ்வாதத்தின் உட்பொருளை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

தமிழ்நாட்டில் மேல்நிலை முதலாமாண்டில் பாடப்பிரிவு ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால் ஈராண்டுக்கும் பாடங்கள் முடிவாகிவிடும். அமெரிக்க உயர்நிலைப் பள்ளி அத்தகையதன்று. ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான நான்கு வகுப்புகளிலும், ஆண்டுதோறும், ஒவ்வொரு பாடத்தையும் தனித்தனியே தேர்ந்தெடுத்தல் வேண்டும். கணிதத்திற்கு வழக்கமான வரிசை ஒன்று உண்டு. முதல் இயற்கணிதம், வடிவியல், இரண்டாம் இயற்கணிதம், நுண்கணிதத்திற்கு ஆயத்தமாகும் ‘பிரீகால்குலஸ்’, அதன்பின் நுண்கணிதம். படிகள் ஐந்து, ஆண்டுகளோ நான்கு. ஆகவே முதற்படியை எட்டாம் வகுப்பிலேயே ஏறியவருக்குத்தான் பன்னிரண்டாம் வகுப்பில் நுண்கணிதம் இயல்பாக வாய்க்கும். பதின்மூன்று வயதில் எடுக்கப்பட்ட முடிவு பதினேழு வயதில் எதிரே வந்து நிற்பதைப் பெற்றோர் பலர் காலங்கடந்தே உணர்கின்றனர்.

இறுதியாண்டுப் பாடங்களுள் மிகுதியாகப் பேசப்படுபவை, காலேஜ் போர்டு என்னும் அமைப்பின் ‘அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்’ பாடங்கள். கல்லூரி முதலாண்டின் தரத்தில் பள்ளியிலேயே கற்பிக்கப்படுபவை அவை. நுண்கணிதத்தில் ‘ஏ-பி’ எனவும் ‘பி-சி’ எனவும் இருவகை உண்டு. முன்னது கல்லூரியின் ஒரு பருவப் பாடத்திற்கு ஏறத்தாழ நிகரானது. பின்னது அதனை உள்ளடக்கி, முடிவிலாத் தொடர்கள் முதலியவற்றையும் சேர்த்துக்கொண்டு, இரு பருவங்களுக்கு நிகராக நிற்பது. புள்ளியியல் தனிப்பாடம். ஒவ்வொன்றுக்கும் மே மாதத்தில் தேர்வு நடைபெறும். 1 முதல் 5 வரை மதிப்பீடு வழங்கப்படும்.

இவ்விடத்தில்தான் தமிழ்நாட்டில் பயின்ற பெற்றோரின் கணிப்புப் பிறழ்கிறது. இங்கே பொறியியல் சேர்க்கைக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குக் கட்-ஆஃப் கணக்கிடப்படுகிறது. இறுதித் தேர்வே தலைவிதி. அங்கே நிலைமை வேறு. விண்ணப்பங்கள் பெரும்பாலும் நவம்பர் முதல் நாளையோ ஜனவரித் தொடக்கத்தையோ கெடுவாகக் கொண்டு அனுப்பப்படுகின்றன. முன்னணிக் கல்லூரிகளின் முடிவுகள் ஏறத்தாழ மார்ச் இறுதிக்குள் வந்துவிடும். மேற்சொன்ன தேர்வோ மே மாதத்தில், மதிப்பீடு ஜூலையில். பன்னிரண்டாம் வகுப்பில் எழுதும் அத்தேர்வில் 5 பெற்றாலும் 2 பெற்றாலும், சேர்க்கைக் குழு முடிவெடுக்கும் நாளில் அதனைக் காண்பதில்லை. கல்லூரியில் சேர்ந்த பின்னர் ஒரு பாடத்திலிருந்து விலக்கோ, மேற்பாடத்தில் இடமோ பெறுவதற்கே அது பயன்படுகிறது.

அவ்வாறாயின் குழு காண்பது எதனை? முதல் மூன்றாண்டுகளின் மதிப்பெண் பட்டியல், இறுதியாண்டில் பயிலும் பாடங்களின் பெயர்கள், அப்பள்ளி எந்தெந்தப் பாடங்களை வழங்குகிறது என்னும் குறிப்பு, இவற்றோடு ஜனவரி, பிப்ரவரி அளவில் பள்ளி அனுப்பும் அரையாண்டு அறிக்கை. பாடத்தின் பெயரும் அரையாண்டு மதிப்பெண்ணும் சேர்ந்தே பேசுகின்றன. பெயரை மட்டும் உயர்த்திக்கொண்டு மதிப்பெண்ணை இழந்தவர் எதனையும் ஈட்டியவராகார்.

செப்டம்பர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்கள் எத்தகையவை என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு கல்லூரிக்கும் கட்டுரைகள் எழுதப்பெறுகின்றன. பரிந்துரைக் கடிதங்கள் வேண்டப்படுகின்றன. அதே மாதங்களில் நள்ளிரவு வரை ‘பி-சி’ நுண்கணிதத்தோடு போராடும் பிள்ளை, கட்டுரையிலும் தளர்ந்து, கணிதத்திலும் ‘சி’ பெறுமாயின், அரையாண்டு அறிக்கை அதனை ஒளிக்காது. இடையில் கைவிட்டால் தொல்லை தீர்ந்துவிடுவதுமில்லை. விண்ணப்பத்தில் குறித்த பாடம் மாறினால் கல்லூரிக்குத் தெரிவித்தல் வேண்டும். சேர்க்கை கிடைத்த பின்னும் இறுதி மதிப்பெண் பட்டியல் கேட்கப்படும். பெரும் வீழ்ச்சி கண்டால் வழங்கிய இடத்தைத் திரும்பப் பெறவும் கல்லூரிக்கு உரிமை உண்டு.

இதனால் நுண்கணிதத்தைத் தவிர்ப்பதே அறிவுடைமை என்று கொள்ளலாகாது. பொறியியல், இயற்பியல், கணினியியல், பொருளியல் ஆகியவற்றை நாடும் மாணவருக்கு, பள்ளியில் அப்பாடம் இருக்குமாயின், அதுவே உரிய பாடம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனமாகிய எம்.ஐ.டி., நுண்கணிதம் வரை பயின்று வருமாறு மாணவருக்குப் பரிந்துரைக்கிறது. கால்டெக் நிறுவனம் அதனை நெடுங்காலம் கட்டாயமாகவே வைத்திருந்தது. 2023இல், தம் பள்ளியில் அப்பாடம் இல்லாத மாணவர்கள் கான் அகாடமி போன்ற வேறு வழிகளில் தேர்ச்சியைக் காட்டலாம் என அது தளர்த்தியது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஏறத்தாழ பாதியளவே நுண்கணிதம் கற்பிக்கின்றன. பள்ளி வழங்காத பாடத்தை எடுக்கவில்லை என்று மாணவரைக் குறைத்து மதிப்பிடுவது சேர்க்கைக் குழுக்களின் வழக்கமன்று. இதனை அறியாமல் வெளியிடங்களில் பெரும்பொருள் செலவிட்டு வகுப்புத் தேடும் குடும்பங்கள் உண்டு.

உளவியல், பொதுச் சுகாதாரம், சமூகவியல் போன்ற துறைகளை நாடுவோருக்குப் புள்ளியியல் தாழ்ந்த பாடமன்று. கல்லூரியில் அவர்கள் நாள்தோறும் கையாளப்போவது அதுவே. எனினும் போட்டி மிகுந்த கல்லூரிகளில் நுண்கணிதத்திற்குச் சற்றுக் கூடுதல் மதிப்பு இன்னும் இருந்துவருகிறது. அது நியாயமா என்பது வேறு வினா. உள்ள நிலை அது. இரண்டையும் ஒருங்கே எடுக்க இயன்றவருக்குச் சிக்கலில்லை. தரவு அறிவியல் என்னும் புதிய பாடத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. அதனை இரண்டாம் இயற்கணிதத்திற்கு மாற்றாகக் கொள்ளலாம் என்னும் எண்ணம் கலிஃபோர்னியாவில் பரவியிருந்தது. 2023இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் குழு, தொடக்கநிலைத் தரவு அறிவியல் பாடங்கள் அவ்வாறு ஈடாகா என முடிவுசெய்தது.

கணித ஆசிரியர்களின் கருத்தும் கேட்கத்தக்கது. அமெரிக்கக் கணிதக் கழகமாகிய எம்.ஏ.ஏ.யும், பள்ளிக் கணித ஆசிரியர்களின் தேசிய மன்றமும் 2012இல் கூட்டாக ஓர் அறிக்கை வெளியிட்டன. பன்னிரண்டாம் வகுப்புக்குள் மாணவரை நுண்கணிதத்திற்குள் கொண்டு சேர்ப்பது பள்ளியின் இறுதிக் குறிக்கோளாகாது. பின்னர் எத்துறைக்குச் சென்றாலும் தாங்கக்கூடிய அடித்தளமே குறிக்கோள் என்பது அதன் சாரம். ஹார்வர்டைச் சேர்ந்த சாட்லர், சானர்ட் ஆகிய இருவர் ஆறாயிரத்திற்கும் மேற்பட்ட கல்லூரி மாணவரை ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட கட்டுரையும் இதனோடு இயைகிறது. கல்லூரி நுண்கணிதத்தில் சிறப்பதற்கு, பள்ளியிலேயே நுண்கணிதம் படித்திருப்பதைக் காட்டிலும், இயற்கணிதம், வடிவியல், பிரீகால்குலஸ் ஆகியவற்றில் பெற்ற தேர்ச்சி இருமடங்குக்கும் மேலாகத் துணைசெய்கிறது என அவர்கள் கண்டனர். அதே ஆய்வில் மற்றொரு செய்தியும் உண்டு: பள்ளியில் நுண்கணிதம் பயின்றதால் மிகுந்த பயன் அடைந்தோர், அடித்தளம் குன்றியிருந்த மாணவர்களே. முதற் செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு ‘உன்னால் இயலாது’ என்று பிள்ளையைத் தடுப்போர் இரண்டாவதையும் கருதுதல் நன்று.

எல்லாவற்றினும் தீய தேர்வு ஒன்றுண்டு. மூன்றாண்டுக் கணிதம் போதும் என்ற விதியைக் காட்டி இறுதியாண்டில் கணிதத்தையே விட்டுவிடுவது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் குறைந்த அளவாக மூன்றாண்டு கேட்கிறது, நான்காண்டைப் பரிந்துரைக்கிறது. பதினைந்து மாதம் தொடாத இயற்கணிதம் கல்லூரியின் முதல் வாரத்தில் நினைவுக்கு வராது.

அருகிலுள்ள சமுதாயக் கல்லூரியில் நுண்கணிதம் பயிலும் வாய்ப்பும் பல ஊர்களில் உண்டு. கட்டணம் குறைவு, ஆசிரியரும் நல்லவராக இருக்கலாம். ஆனால் அங்குப் பெறும் மதிப்பெண் கல்லூரிப் பதிவேட்டில் நிலைத்துவிடும். பின்னாளில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது, பள்ளிப் பருவத்தில் எடுத்த கல்லூரிப் பாடங்களின் மதிப்பெண்களையும் தெரிவித்தல் வேண்டும். பதினாறு வயதில் பெற்ற ஒரு ‘சி’ இருபத்தோராம் வயதில் விண்ணப்பத்தில் இடம்பெறும்.

ஆதலின் பாடப்பதிவுத் தாளில் கையொப்பமிடும் முன்னர், பிள்ளையின் பிரீகால்குலஸ் விடைத்தாள்களைத் தந்தையும் தாயும் ஒருமுறை பொறுமையாகப் பார்த்தல் நலம். மதிப்பெண்ணை அன்று, பிழைகளை. முக்கோணவியலிலும் பின்னங்களைச் சுருக்குவதிலும் தடுமாற்றம் இருந்தால், கோடை விடுமுறையில் அதனைச் சீர்செய்துகொண்டு ‘ஏ-பி’ எடுக்கலாம். தடுமாற்றமின்றி ஆர்வமும் இருந்தால் ‘பி-சி’. பிள்ளையின் கணித ஆசிரியரையும் பள்ளி ஆலோசகரையும் தனித்தனியே கேட்டல் வேண்டும். மாணவரை முன்னவர் அறிவார். அப்பள்ளியிலிருந்து சென்றோர் எந்தக் கல்லூரிகளில் சேர்ந்தனர் என்பதைப் பின்னவர் அறிவார். பள்ளி திறந்த முதற் சில வாரங்களில் பாடத்தை மாற்றிக்கொள்ளப் பெரும்பாலான பள்ளிகள் இசைகின்றன. அக்கெடு எந்நாளில் முடிகிறது, அதன்பின் விலகினால் பட்டியலில் என்ன குறிப்பு எழுதப்படும் என்பவற்றை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.