உப்பைக் குறைப்பது யார் பொறுப்பு?



தொழில் நிறுவனங்கள் சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் நடக்க நாம் எப்படித் துணை நிற்பது என்பது இந்தக் கருத்தரங்கின் பொருள். தலைமை உரை என்றால் உலக வெப்பமயமாதலில் தொடங்கி மெல்ல உள்ளூருக்கு இறங்குவது வழக்கம். நான் நேரே திருப்பூருக்குப் போய்விடுகிறேன். சாய வேதியியல் சொல்லிக்கொடுத்தே காலம் கழித்தவனுக்கு அதுதான் தெரிந்த ஊர்.

திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றின் கதை உங்களில் பலருக்குத் தெரியும். பாசனத்துக்கென்று 1992இல் ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணை, சில ஆண்டுகளிலேயே சாயத் தண்ணீர் தேங்கும் குட்டையானது. கிணறும் தோட்டமும் பாழான விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். சாயப்பட்டறைகள் கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் உத்தரவிட்டது. 2009இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அப்படியும் ஆற்றில் சாயம் நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று, 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. சாயம் போடும் வேலை வெளி மாவட்டங்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் போயிற்று. அங்கே எந்த ஓடை நிறம் மாறியது என்று கேட்டவர்கள் குறைவு.

பட்டறைகள் மறுபடி திறந்ததைப் பற்றி நாம் போதுமான அளவு ஆராயவில்லை என்பது என் குறை. அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுநீரிலிருந்து உப்புக் கரைசலைப் பிரித்து மறுபடி சாயத்துக்கே பயன்படுத்தும் முறையை ஓட்டிக் காட்டினார்கள். 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடனாக மாநில அரசு அறிவித்தது. தனியாக நின்றிருந்தால் ஒரு சின்னப் பட்டறைக்காரர் ஆர்.ஓ. ஆலையையும் ஆவியாக்கும் கொதிகலனையும் கனவிலும் வாங்கியிருக்க முடியாது. கண்ணால் பார்க்க ஓர் ஆலை, கூட்டாகச் சேர ஓர் இடம், தாங்கக்கூடிய கடன்: சட்டத்தின் அழுத்தத்தோடு இவையும் சேர்ந்தபோதுதான் வேலை நடந்தது.

ஆனால் அங்கே நடந்ததெல்லாம் குழாயின் கடைசி முனையில் நடந்தது. இப்போது சாயம் ஓடும் மிஷின் பக்கம் வாருங்கள். பருத்தி இழை தண்ணீரில் எதிர்மின் தன்மை கொள்கிறது. ரியாக்டிவ் சாயமும் எதிர்மின் தன்மை உடையதே. ஒன்றையொன்று தள்ளும் இவற்றை நெருங்க வைக்கத்தான் உப்பு. அடர் கறுப்பு, நேவி, சிவப்பு என்றால் லிட்டருக்கு 80 கிராம்கூடப் போடுவார்கள். பழைய விஞ்ச் மிஷினில் ஒரு கிலோ துணிக்கு 15 லிட்டர் தண்ணீர் ஓடியது என்று வைத்துக்கொண்டால், உப்பு 1,200 கிராம்; துணியைவிட உப்பின் எடை அதிகம். இன்றைய சாப்ட் ஃப்ளோ மிஷினில் கிலோவுக்கு ஆறு லிட்டர் என்றாலும் ஏறக்குறைய அரைக் கிலோ. இந்த உப்பு துணியில் தங்குவதில்லை. போட்டதெல்லாம் அலசலோடு தண்ணீரில் இறங்கிவிடுகிறது. நுண்ணுயிர்கள் கரிமக் கழிவைத் தின்னும், உப்பைத் தொடாது. அதைப் பிரித்தெடுக்கத்தான் ஆர்.ஓ., அதன் பிறகு ஆவியாக்கி. தண்ணீரைக் கொதிக்கவைக்க விறகும் மின்சாரமும் செலவாகின்றன. கிளாபர் சால்ட்டாகத் திரும்பக் கிடைப்பது போக, எதற்கும் உதவாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கிடங்கில் கிடக்கிறது. ஆற்றைக் காப்பாற்றிய கணக்கில் புகையையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் உப்பைக் குறைத்தால் என்ன? குறைந்த உப்பில் ஏறும் சாயங்கள் உண்டு. கோல்டு பேட் பேட்ச் முறையில் உப்பே வேண்டாம். சாயமும் காரமும் ஏற்றிய துணியைச் சுருட்டி, பிளாஸ்டிக் தாள் போர்த்தி, மணிக்கணக்கில் சுழலவிட்டால் போதும். நெய்த துணிக்கு இது நன்றாக வரும். திருப்பூரின் பின்னலாடைத் துணி இழுத்தால் நீளும், வெட்டினால் ஓரம் சுருளும். அதற்குத் தனி மிஷினும் தேர்ந்த கையும் வேண்டும்.

பட்டறைக்காரரின் நிலையையும் பாருங்கள். பெரும்பாலும் ஜாப் ஒர்க். துணி அவருடையதல்ல, நிறமும் அவர் தேர்ந்ததல்ல. கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று கூலி. ஒரு லாட்டில் ஷேடு தப்பினால் பில்லில் டெபிட் விழும். அப்படியிருக்க, உப்பை லிட்டருக்கு 30 கிராம் குறைத்துப் பாருங்கள் என்று ஒரு பேராசிரியர் சொன்னால் அவர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைப்பார். அவர் செய்வது சரிதான். தப்பும் லாட்டுக்கு யார் பணம் தருவது என்பதற்குப் பேராசிரியரிடம் பதில் கிடையாது.

அடர் கறுப்பைக் கேட்பவர் எங்கோ வெளிநாட்டு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் வடிவமைப்பாளர். உப்புத் தண்ணீருக்குக் கட்டணம் கட்டுபவர் இங்கே இருப்பவர். வாங்குவோர் பசுமைச் சான்றிதழ் கேட்கிறார்கள், கேட்கட்டும். சான்றிதழுக்காகக் கூடும் செலவு கிலோ விலையில் ஏறுகிறதா என்று கேட்கும் ஓர் ஆய்வையாவது இந்த அவையிலிருந்து எதிர்பார்க்கிறேன். சிறு, குறு நிறுவனங்களுக்கான ஒன்றிய அரசின் செட் (ZED) சான்றிதழ்த் திட்டத்தில் குறு நிறுவனத்துக்குக் கட்டணத்தில் 80 விழுக்காடு மானியம் உண்டு. நல்லதே. ஆனால் சான்றிதழ்க் கட்டணம் ஒருபோதும் பெரிய தடையாக இருந்ததில்லை.

நம் பல்கலைக்கழகங்களில் நொய்யல் மாசு பற்றிய ஆய்வேடுகளுக்குப் பஞ்சமில்லை. தண்ணீர் மாதிரி எடுத்து, கரைந்த உப்பை அளந்து, அனுமதித்த அளவைத் தாண்டிவிட்டது என்று முடிப்போம். அந்த வேலை முடிந்து பல காலமாயிற்று. இனி வேண்டியது பட்டறைக்குள் செய்யும் சோதனை: உண்மையான லாட், உண்மையான ஷேடு, தப்பினால் நட்டத்தை ஏற்க ஒரு பொது நிதி. தொழில் சங்கமும் வாங்குவோரும் அரசும் சேர்ந்து அந்த நிதியைப் போட்டால், முதல் நாலு பட்டறைகள் தயங்காமல் முன்வரும். அவர்கள் செய்து காட்டினால் பக்கத்துப் பட்டறைக்கு நாம் போய்ச் சொல்லவே தேவையில்லை.

பிற்பகல் அமர்வுக்குச் சில சாய மாஸ்டர்கள் வருகிறார்கள். அவர்களுக்கு மேடையில் நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். ஆய்வாளர்கள் கீழே அமர்ந்து கேள்வி கேட்கலாம். கட்டுரை படிக்கிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: உங்கள் யோசனைக்கு லாட்டுக்கு எத்தனை ரூபாய் ஆகும், அதை யார் கட்டுவது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.