எழுத்து போடும் நேரம்



எழுத்து போடுவதற்குள் போய் உட்கார்ந்துவிட வேண்டும் என்று கொட்டகைக்கு ஓடுகிறவர்கள் உண்டு. எழுத்துதானே போடுவான், மெதுவாகப் போகலாம் என்று வாசலிலேயே நின்று காப்பி குடிக்கிறவர்களும் உண்டு. இந்த இரண்டாவது கட்சிக்காரர்களை உள்ளே கூப்பிடத்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். ஒரு த்ரில்லர் படத்தில் அந்த எழுத்து போடும் இரண்டு நிமிடத்தில் என்ன நடக்கிறது, கையில் காசில்லாத மாணவர்கள் அதை எப்படித் திட்டமிடலாம் என்று பார்ப்போம்.

இங்கிலாந்தில் மேல்நிலைப் படிப்பில் மீடியா ஸ்டடீஸ் என்று ஒரு பாடம் இருக்கிறது. ஓசிஆர் என்ற தேர்வு வாரியம் அதன் செய்முறைத் தேர்வுக்குப் பல ஆண்டுகள் ஒரு வேலை வைத்திருந்தது. புதிதாக ஒரு கதைப்படத்தைக் கற்பனை செய்துகொண்டு, அதன் டைட்டிலையும் தொடக்கக் காட்சியையும் மட்டும் எடுத்துக் காட்ட வேண்டும். இரண்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. குழுவில் நான்கு பேருக்கு மேல் கூடாது. காட்சிகளை மாணவர்களே எடுத்திருக்க வேண்டும். இசை சொந்தமாக அமைத்ததாகவோ காப்புரிமைத் தொல்லை இல்லாததாகவோ இருக்க வேண்டும்.

அதற்கு முன்னால் ஒரு சின்னப் பயிற்சி. ஒருவர் கதவைத் திறந்து வருகிறார், அறையைக் கடக்கிறார், எதிரே இருப்பவர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசுகிறார். அவ்வளவுதான். ஆனால் வெளியே நின்று கதவைத் தள்ளிய கை, உள்ளிருந்து எடுத்த ஷாட்டிலும் அதே வேகத்தில் தள்ள வேண்டும். பேசும் இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதாகவே தெரிய வேண்டும். வெட்டு கண்ணில் படக் கூடாது என்ற பாலபாடம் இது. இதை முடித்த பிறகுதான் இரண்டு நிமிடத்துக்குப் போவார்கள்.

பல குழுக்களுக்கு முதலில் தோன்றுவது த்ரில்லர். செலவு குறைவு. இருட்டான நடைபாதை, தலையை மூடிய ஒரு சட்டை, பின்னால் கேட்கும் காலடி, இவை போதும் என்று நினைப்பார்கள். ஷாட்டுகளைப் பட்டியல் போடுவார்கள், எடுப்பார்கள், வெட்டி ஒட்டுவார்கள். எல்லாம் முடிந்த பிறகு, கடைசி நாளில், பெயர்களைக் கொண்டுவந்து மேலே ஒட்டுவார்கள். முகத்தின் மேல் ஒரு பெயர், வெளுத்த வானத்தின் மேல் வெள்ளை எழுத்தில் ஒரு பெயர்.

இதில் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். நம் கண்ணுக்கு ஒரு குணம் உண்டு. எழுத்தைக் கண்டால் வாசிக்கப் போய்விடும். வாசிக்கும் அந்த ஒன்றிரண்டு நொடியில் படத்தின் மற்ற மூலைகளில் நடப்பது நழுவிவிடும். ஆகவே திரையில் தோன்றும் ஒவ்வொரு பெயரும் காட்சியோடு போட்டி போடுகிறது. பார்வையாளரின் கண் எங்கே போக வேண்டும் என்பதுதான் த்ரில்லரின் பிழைப்பே. அப்படியிருக்க, கண்ணை இழுக்கும் பெயர்களைக் கடைசியில் நினைத்துக்கொள்ளலாமா? பெயர் எங்கே, எப்போது வரும் என்பதிலிருந்துதான் திட்டம் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

இதற்குச் சாட்சியாக ஒரு பழைய வழக்கைச் சொல்கிறேன். ஆர்சன் வெல்ஸ் இயக்கி 1958-இல் வந்த படம் 'டச் ஆஃப் ஈவில்'. அமெரிக்க, மெக்சிக்க எல்லையில் ஓர் ஊர். முதல் ஷாட்டில் ஒருவன் கையில் வெடிகுண்டு. அதன் கடிகாரத்தைத் திருகுகிறான். ஓடிப்போய் ஒரு காரின் பின்பெட்டியில் வைக்கிறான். எதுவும் தெரியாத ஒரு ஜோடி வந்து அந்தக் காரில் ஏறுகிறது. கேமரா கிரேனில் ஏறிக் கூரைகளுக்கு மேலே போகிறது, இறங்குகிறது, காரைத் தொடர்கிறது. புதிதாகத் திருமணமான இன்னொரு ஜோடி அந்தக் காருக்குப் பக்கத்திலேயே நடந்துவருகிறது. மூன்று நிமிடத்துக்கு மேல், ஒரு வெட்டுகூட இல்லை.

இந்த ஷாட்டின் மேல் தயாரிப்பு நிறுவனமான யூனிவர்சல் வரிசையாகப் பெயர்களை ஓடவிட்டது. ஹென்றி மான்சினியின் இசையையும் அதன் மேல் ஏற்றியது. பெயரை வாசிப்பதா, காரைக் கவனிப்பதா? குண்டு டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருக்கும்போது யார் ஒப்பனை, யார் உடை என்று நாம் வாசித்துக்கொண்டிருந்தோம். நிறுவனம் செய்த மாற்றங்களைப் பார்த்த வெல்ஸ், என்னென்ன திருத்த வேண்டும் என்று 58 பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தார். அதில் பெரும்பகுதி அப்போது கவனிக்கப்படவில்லை. அவர் காலமான பிறகு, 1998-இல், படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச் அந்தக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு படத்தைத் திரும்பத் தொகுத்தார். முதல் ஷாட்டிலிருந்து பெயர்களை எடுத்தார். மான்சினியின் இசை போய், மதுக்கடைகளிலிருந்தும் கார் ரேடியோவிலிருந்தும் வரும் பாட்டுச் சத்தம் வந்தது. கார் நெருங்கினால் அதன் ரேடியோவும் நெருங்குகிறது. குண்டு எங்கே இருக்கிறது என்று காதாலேயே கண்டுபிடிக்கலாம். ஒரே ஷாட்தான், பெயரை எடுத்ததும் அச்சம் கூடிவிட்டது.

அப்படியானால் பெயரே போடக் கூடாதா? போடலாம். அதற்கு இரண்டு பெரிய வழிகளைச் சொல்கிறேன்.

முதல் வழி, போட்டியே இல்லாமல் செய்துவிடுவது. ஹிட்ச்காக்கின் 'சைக்கோ', 1960. டைட்டிலை வடிவமைத்தவர் சால் பாஸ். அங்கே நடிகர் இல்லை, ஊர் இல்லை, காட்சியே இல்லை. கறுப்புத் திரையில் சாம்பல் நிறக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பாய்கின்றன. பெயர்கள் துண்டுபட்டு வருகின்றன, ஒரு கணம் ஒன்றுசேர்ந்து நிற்கின்றன, மறுபடி பிளந்துபோகின்றன. பெர்னார்ட் ஹெர்மன் நரம்புக் கருவிகளை மட்டுமே வைத்து அமைத்த இசை விரட்டுகிறது. உடைந்த மனம் ஒன்றைப் பற்றிய படம் இது என்பது கதையில் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே நமக்குள் இறங்கிவிடுகிறது. மாணவர்களுக்கு இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. இப்படிப்பட்ட டைட்டிலுக்கு நடிகரும் வேண்டாம், படப்பிடிப்பும் வேண்டாம். ஒரு கணினியும் நல்ல காதும் போதும்.

இரண்டாவது வழி, பெயரையும் காட்சியையும் ஒரே பொருளால் செய்துவிடுவது. டேவிட் ஃபின்ச்சரின் 'செவன்', 1995. டைட்டிலை வடிவமைத்தவர் கைல் கூப்பர். முகம் தெரியாத ஒருவனின் கைகள் மட்டும். விரல்நுனித் தோலைப் பிளேடால் சீவுகிறான். நோட்டுப் புத்தகங்களில் பொடி எழுத்தில் எழுதுகிறான். தாள்களை வைத்துத் தைக்கிறான். அந்த நோட்டுகளுக்கு இடையே வரும் பெயர்களும் கையால் கீறியவை, நடுங்கும், தாவும். அவனே எழுதியவை போலத் தெரிகின்றன. இங்கே பெயரை வாசிப்பதும் கொலைகாரனைப் பார்ப்பதும் ஒரே வேலையாகிவிடுகிறது.

அந்தப் படத்தின் டைட்டிலில் என்னை அதிகம் ஈர்ப்பது அங்கே இல்லாத ஒரு பெயர். கொலைகாரனாக நடித்த கெவின் ஸ்பேசியின் பெயர் தொடக்கத்தில் போடப்படவில்லை. அது அவரே கேட்டுக்கொண்டது. போட்டிருந்தால், படம் பாதி தாண்டியும் இந்த நடிகர் இன்னும் வரவில்லையே, அப்படியென்றால் கொலைகாரன் இவர்தான் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். பெயர்ப் பட்டியலே துப்பாகிவிடும் என்று யோசித்த படம் அது. எதைக் காட்டுவது என்பதோடு எதை மறைப்பது என்பதும் டைட்டிலின் வேலைதான்.

நம் ஊரில் பெயருக்கு வேறொரு வல்லமை உண்டு. 1992-இல் 'அண்ணாமலை' படத்தில் புள்ளி புள்ளியாக சூப்பர் ஸ்டார் என்ற எழுத்து விரிந்தபோது, அந்த எழுத்துக்கே விசில் பறந்தது. அங்கே பெயர் வருவதே ஒரு காட்சி. மாணவர் படத்தில் யாருடைய பெயருக்கும் விசில் வராது. வந்தால் அது பின்வரிசை நண்பர்களின் உபயம். ஆகவே அங்கே பெயர்கள் வேறு வேலை செய்து பிழைக்க வேண்டும்.

இனித் திட்டத்துக்கு வருவோம்.

முதலில் கேமராவை எடுக்காமல் ஒரு தாளை எடுங்கள். இரண்டு நிமிடம் என்றால் 120 நொடி. எத்தனை பெயர் வரும் என்று எழுதுங்கள். நிறுவனம், நடிகர்கள், படத்தின் பெயர், இசை, படத்தொகுப்பு, ஒளிப்பதிவு, தயாரிப்பு, எழுத்து, இயக்கம் என்று பத்துக்குக் கிட்டத்தட்ட வரும். ஒவ்வொரு பெயரையும் அவசரமில்லாமல் இரண்டு முறை வாய்விட்டு வாசியுங்கள். அந்த நேரம் அது திரையில் நிற்க வேண்டும். நான்கு நொடி என்று வைத்தால் பத்துப் பெயருக்கு 40 நொடி. மூன்றில் ஒரு பங்கு நேரம் பார்வையாளர் வாசித்துக்கொண்டிருப்பார். மீதி 80 நொடிதான் உங்கள் கதைக்கு. இந்தக் கணக்கு தெரியாமல் ஸ்டோரிபோர்டு வரையக் கூடாது.

வரையும்போது கட்டத்துக்குள் ஆளை மட்டும் வரையாதீர்கள், பெயரையும் எழுதுங்கள். எந்த ஷாட்டில் பெயர் வருகிறதோ அதில் ஒரு பக்கம் சுவரோ, நிழலோ, மூடிய கதவோ, ஏதாவது வெறும் இடம் வேண்டும். படப்பிடிப்பு அன்றைக்கே ஆளைச் சற்றுத் தள்ளி நிறுத்தி அந்த இடத்தை ஒதுக்க வேண்டும். முக்கியமான தடயம் வரும் ஷாட்டில் பெயர் வரவே கூடாது. ஆனால் கண்ணை வேண்டுமென்றே ஏமாற்ற நினைத்தால், வலது பக்கம் பெயர் வரட்டும், இடது பக்கம் அந்தத் தடயம் ஒரு நொடி வந்து போகட்டும். எழுத்தை வாசித்ததால் தவறவிட்டோமே என்று பார்வையாளர் பின்னால் நினைத்துக்கொள்வார். போட்டியை இப்படி ஆயுதமாகவும் ஆக்கலாம்.

ஹாலிவுட்டில் தொடக்க டைட்டிலில் இயக்குநரின் பெயர் கடைசியாக வர வேண்டும் என்பது இயக்குநர் சங்க ஒப்பந்தப்படி உள்ள வழக்கம். நம் படங்களிலும் பெரும்பாலும் அப்படித்தான். இதிலிருந்து மாணவருக்கு ஒரு பயன் உண்டு. அந்தக் கடைசிப் பெயருக்குக் கீழே இருக்கும் ஷாட்டுதான் டைட்டிலையும் கதையையும் கோக்கும் இடம். அந்த ஒரு ஷாட்டுக்கு மற்றவற்றைவிட அதிக நேரம் செலவிடுங்கள்.

தமிழில் பெயர் போடுகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. 'செவன்' படத்தைப் பார்த்துவிட்டு எழுத்தைக் கீறவும் சிதைக்கவும் ஆசை வரும். நம் எழுத்தில் மேலே புள்ளியும் விசிறியும், கீழே சுழியும் உண்டு. மெல்லிய எழுத்துருவில் புள்ளி ஒன்று தொலைந்தால் பெயரே மாறிப்போகும். வரிக்கு மேலும் கீழும் தாராளமாக இடம் விடுங்கள். சின்னக் கைபேசித் திரையில் போட்டுப் பார்த்துப் புள்ளிகளை எண்ணுங்கள்.

அடுத்தது ஒலி. வானொலியில் பேசிக்கொண்டு இதைச் சொல்லாமல் விட முடியாது. இசையைக் கடைசியில் தேடிக்கொள்ளலாம் என்று நினைப்பது பெயரைக் கடைசியில் ஒட்டுவதைப் போன்ற கோளாறுதான். காலடி, சாவி, குழாய்ச் சொட்டு, கதவுக் கீல் ஆகியவற்றை முதலிலேயே தனியாகப் பதிவு செய்து, 120 நொடிக்கு ஓர் ஒலிக்கோவை தயாரித்துவிட்டு, அதைக் கேட்டுக்கொண்டே ஷாட்டுகளை முடிவு செய்து பாருங்கள். எழுத்தை வாசிக்கும்போது கண்ணுக்குத்தான் ஓய்வில்லை, காது காலியாக இருக்கிறது. பெயர் நிற்கும் நொடிகளில் கதையை ஒலியில் சொல்லலாம்.

இந்த இரண்டு நிமிடத்தில் கதையை எவ்வளவு சொல்ல வேண்டும்? ஒரே ஒரு கேள்வியை எழுப்பினால் போதும். கிறிஸ்டோபர் நோலன் தம் முதல் முழுநீளப் படமான 'ஃபாலோயிங்'கை நண்பர்களை வைத்துக்கொண்டு, எல்லாரும் வேலைக்குப் போகாத வார இறுதிகளில், கறுப்பு வெள்ளையில், சொற்பக் காசில் எடுத்தார். 1998-இல் வந்தது. தொடக்கத்தில் கையுறை போட்ட கைகள் சில பொருள்களை எடுத்துப் பார்க்கின்றன. யாருடைய பொருள், எதற்காக என்று தெரியாது. அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. தமிழில் இதற்கு முன்னோடி உண்டு. எஸ். பாலசந்தர் இயக்கி ஏவி.எம். தயாரித்த 'அந்த நாள்', 1954. பாட்டே இல்லாத படம். தொடக்கத்திலேயே ஒரு துப்பாக்கிச் சத்தம், ஒருவர் சாகிறார். சுட்டது யார் என்ற கேள்வி ஒன்றே படம் முழுவதையும் இழுத்துச் செல்கிறது.

துப்பாக்கி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. பொம்மைத் துப்பாக்கியைத் தெருவில் நீட்டிப் படமெடுத்தால் பார்த்தவர்கள் போலீசைக் கூப்பிடுவார்கள். பிரிட்டனில் போலித் துப்பாக்கியைக் காரணமில்லாமல் பொது இடத்தில் வைத்திருப்பதே குற்றம். முன்கூட்டியே காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். எந்த ஊரிலும் அது நல்ல பழக்கம். இன்னும் நல்லது, ஆயுதத்தைக் காட்டாமல் சத்தத்தோடு நிறுத்திக்கொள்வது. செலவும் மிச்சம், அச்சமும் கூடும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை. படம் பற்றி எதுவும் தெரியாத ஒருவருக்கு இரண்டு நிமிடத்தையும் போட்டுக் காட்டுங்கள். பிறகு அவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். படத்தின் பெயர் என்ன? அடுத்து என்ன தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறீர்கள்? முதல் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லையென்றால் பெயர் வைத்த இடம் சரியில்லை. இரண்டாவதற்கு நான்கைந்து பதில் வந்தால் கதையை அதிகமாகக் கொட்டிவிட்டீர்கள். இரண்டுக்கும் ஒவ்வொரு பதில் பளிச்சென்று வந்தால், உங்கள் டைட்டில் தேறிவிட்டது.