உமித்தீயும் ‘பர்னிங்’ படமும்



உளவியல் திகில் படங்களைப் பற்றிய இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்க அழைத்தமைக்கு நன்றி. தலைமையுரை என்றால் துறை முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவது வழக்கம். எனக்கு அதில் விருப்பமில்லை. ஒரே ஒரு படத்தை எடுத்து, அதன் பலமும் பலவீனமும் எங்கே ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று பேச நினைக்கிறேன்.

நெல் அவிக்கும் அடுப்பில் உமி எரிவதை உங்களில் மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். சுவாலை பெரிதாக எழாது. மேலே கறுத்த சாம்பல்தான் தெரியும். ஒரு குச்சியால் கிளறினால் உள்ளே செக்கச் செவேலென்று கனல் இருக்கும். சில வேளை கிளறினாலும் ஒன்றும் இருக்காது, எப்போதோ ஆறிப்போயிருக்கும். மேலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். மெல்ல நகரும் படங்களைத் திறனாய்வு செய்பவரின் வேலை அந்தக் குச்சியை எடுப்பது.

நான் எடுத்துக்கொள்வது 2018ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் திரையிடப்பட்டு, சர்வதேசத் திரைப்படத் திறனாய்வாளர் கூட்டமைப்பான ஃபிப்ரெசியின் விருது பெற்ற தென்கொரியப் படமான ‘பர்னிங்’. இயக்குநர் லீ சாங்-டோங். நாவலாசிரியராக இருந்து திரைக்கு வந்தவர். 2003, 2004 ஆண்டுகளில் கொரியாவின் பண்பாட்டு அமைச்சராகவும் இருந்தவர். 2010இல் ‘பொயட்ரி’ எடுத்தபின் எட்டு ஆண்டுகள் அவரிடமிருந்து படம் வரவில்லை. பிறகு, ஹருகி முரகாமியின் மிகச் சிறிய கதையொன்றை எழுத்தாளர் ஓ ஜுங்-மியோடு சேர்ந்து 148 நிமிடப் படமாக விரித்தார். சில பக்கக் கதைக்கு இரண்டரை மணி நேரம் எதற்கு? இந்தக் கேள்வியைப் படத்தை விரும்புகிற நாமே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முடிவையும் சேர்த்துத்தான், அதில்லாமல் இந்தப் படத்தைப் பற்றிப் பேச இயலாது. ஜொங்-சூ, எழுத்தாளனாக ஆசைப்பட்டு எதுவும் எழுதாத இளைஞன். வட கொரிய எல்லையை ஒட்டிய பாஜு பகுதியில் தந்தையின் பண்ணை வீட்டுக்குத் திரும்பியிருக்கிறான். தந்தை வழக்கில் சிக்கிச் சிறையில். சிறுவயதில் அதே ஊரில் வளர்ந்த ஹே-மி என்ற பெண்ணைச் சந்திக்கிறான், நெருங்குகிறார்கள். அவள் ஆப்பிரிக்கப் பயணம் போய்த் திரும்பும்போது பென் என்ற பணக்கார இளைஞனோடு வருகிறாள். அவனுக்குச் சியோலின் கங்னம் பகுதியில் வீடு, போர்ஷே கார், என்ன வேலை என்று மட்டும் யாருக்கும் தெரியாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை யாரும் கவனிக்காத பிளாஸ்டிக் பசுமைக்குடில் ஒன்றைக் கொளுத்துவது தன் பழக்கம் என்று அவன் ஒரு மாலையில் ஜொங்-சூவிடம் சொல்கிறான். அடுத்தது உன் வீட்டுக்கு மிக அருகில் என்கிறான். அதன்பின் ஹே-மி காணாமல் போகிறாள். பசுமைக்குடில் எதுவும் எரியவில்லை.

இனி பலத்துக்கு வருவோம். படத்தின் கேமரா கிட்டத்தட்ட இறுதிவரை ஜொங்-சூவை விட்டு நகர்வதே இல்லை. அவனுக்குத் தெரிந்ததே நமக்கும் தெரியும். ஹே-மி தன் பூனைக்குத் தீனி வைக்கச் சொல்லிவிட்டுப் போகிறாள். அவன் நாள்தோறும் வருகிறான். பூனை ஒருமுறையும் கண்ணில் படவில்லை, கிண்ணம் மட்டும் காலியாகிறது. சிறுவயதில் கிணற்றில் விழுந்ததாகவும் இவன்தான் கண்டுபிடித்ததாகவும் அவள் சொல்கிறாள். அவள் வீட்டார் அப்படியொரு கிணறே இல்லை என்கிறார்கள். பல ஆண்டுகளுக்குப்பின் திரும்பிவந்த ஜொங்-சூவின் தாயோ, தண்ணீரில்லாத கிணறு ஒன்று இருந்தது என்கிறாள். இவை ஒவ்வொன்றுக்கும் படம் தாராளமாக நேரம் கொடுக்கிறது. அந்த நேரத்தில் நமக்குள் ஒன்று நடக்கிறது: நாமே துப்பறிவாளராகிவிடுகிறோம். பின்னால் பென் வீட்டுக் குளியலறை இழுப்பறையில் ஜொங்-சூ ஹே-மிக்குக் கொடுத்ததைப் போன்ற ஓர் இளஞ்சிவப்புக் கைக்கடிகாரம் கிடைக்கும்போது, ‘கிடைத்துவிட்டது ஆதாரம்’ என்று நம் நெஞ்சு துள்ளுகிறது. ஆனால் அது கடைக் குலுக்கலில் பரிசாகத் தரும் மலிவுக் கடிகாரம். அதைப்போல் எத்தனை இருக்கும்? பென் வளர்க்கும் பூனை, ஹே-மி தன் பூனைக்கு வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் வருகிறது. பூனை யார் கூப்பிட்டாலும் வரக்கூடியதுதானே?

என் வகுப்பில் இந்தப் படத்தைத் திரையிட்ட ஒவ்வொரு முறையும் அந்தப் பூனைக் காட்சியில் மாணவர்கள் இரண்டாகப் பிரிவதைக் கண்டிருக்கிறேன். கொலைகாரன் பென்தான் என்று அடித்துச் சொல்பவர்களிடம், எந்தக் காட்சியில் உங்களுக்கு உறுதிப்பட்டது என்று கேட்பேன். பெரும்பாலோர் ஆதாரக் காட்சிகளைச் சொல்வதில்லை. பென் கொட்டாவி விடும் காட்சியைத்தான் சொல்கிறார்கள். விருந்தில் ஹே-மி தன் ஆப்பிரிக்க அனுபவத்தை ஆடிக்காட்டும்போது, சுற்றியிருப்பவர்கள் மேல்தட்டுப் புன்னகையோடு பார்க்க, பென் மெல்லக் கொட்டாவி விடுகிறான். ஸ்டீவன் யூன் அதை அத்தனை மென்மையாக நடித்திருக்கிறார். பின்னொரு விருந்தில் வேறொரு பெண் பேசும்போதும் அதே கொட்டாவி. சட்டத்தின் முன் இது குற்றமாகாது. ஆனால் வேலையில்லாத, கடனில் மூழ்கிய இளைஞர் கூட்டம் ஒன்றின் கண்ணில் அந்தக் கொட்டாவி கொலைக்குச் சமம். வர்க்கக் கோபம் சந்தேகமாக உருமாறும் வழியை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய படத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த உருமாற்றத்துக்கு நேரம் வேண்டும். விரைவான படத்தொகுப்பில் அது வெறும் தகவலாகிவிடும்.

பண்ணை வீட்டு முற்றத்து அந்திப்பொழுதையும் சொல்லாமல் போக முடியாது. மூவரும் கஞ்சா புகைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மைல்ஸ் டேவிஸின் எக்காளம் ஒலிக்க, ஹே-மி மேலாடையைக் களைந்துவிட்டு, மறையும் சூரியனைப் பார்த்து ஆடுகிறாள். ஒளிப்பதிவாளர் ஹோங் கியுங்-பியோ இருட்டுவதற்கு முந்தைய அந்தச் சிறு நேர ஒளியை நம்பியே காட்சியை அமைத்திருக்கிறார். இசை நின்றபின்னும் அவள் ஆடுகிறாள், பிறகு அழுகிறாள். ஹே-மியாக நடித்த ஜொன் ஜொங்-சொவுக்கு இதுதான் முதல் படம் என்பதை நம்புவது கடினம்.

பலவீனம் இதே இடத்தில்தான் தொடங்குகிறது. ஆடி முடித்து, உறங்கி எழுந்து கிளம்பும் அவளை ஜொங்-சூ வேசியோடு ஒப்பிட்டுக் கடிந்துகொள்கிறான். அவள் பதில் பேசாமல் காரில் ஏறுகிறாள். அதன்பின் அவள் கதைக்குள் திரும்பி வருவதில்லை. பாதிப் படம் மீதமிருக்கிறது. அந்த மீதப் பாதியில் அவள் ஒரு கடிகாரமாகவும் ஒரு பூனையாகவும் சுருங்கிவிடுகிறாள். ஜொங்-சூவின் கண் வழியாகவே பார்க்கிறோம், அவனுக்கு அவளைப் புரியவில்லை, அதனால் நமக்கும் புரியவில்லை என்று இயக்குநர் தரப்பில் வாதாடலாம். பல திறனாய்வாளர்கள் அப்படித்தான் வாதாடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. அவள் கடனாளி, வீட்டாரோடு உறவு முறிந்தவள், முகத்தை அறுவைச் சிகிச்சையால் மாற்றிக்கொண்டவள், வாழ்வின் பொருளைத் தேடும் பெரும்பசி பற்றிப் பேசியவள். இத்தனையும் தூவிவிட்டு, எதையும் தொடராமல், இரண்டு ஆண்களின் மோதலுக்கு அவளை எரிபொருளாக்கிவிட்டது படம். ஆணின் பார்வையை விமரிசிக்கிற படம் அதே பார்வைக்குள் சிக்கிக்கொண்டது என்பதே என் துணிபு.

முடிவைப் பற்றியும் கருத்து வேறுபாடு உண்டு. ஹே-மியின் அறையில் உட்கார்ந்து ஜொங்-சூ கடைசியில் எழுதத் தொடங்குகிறான். கேமரா சன்னலுக்கு வெளியே பின்வாங்குகிறது. அதன்பின், அவன் இல்லாத ஓர் அறையில் பென் வேறொரு பெண்ணுக்கு ஒப்பனை செய்துவிடுகிறான். பிறகு ஜொங்-சூ பென்னைக் கத்தியால் குத்தி, காரோடு கொளுத்துகிறான். இது நடந்ததா, அவன் எழுதும் கதையா? முரகாமியின் கதையில் இந்தக் கொலை கிடையாது. தந்தையின் வன்மத்தை மகன் சுமக்கும் இந்தப் பகுதி, ஆங்கிலத்தில் முரகாமி கதையின் அதே தலைப்பில் கதை எழுதிய அமெரிக்க எழுத்தாளர் ஃபாக்னரிடம் நெருங்கி நிற்கிறது. சிலர் இதை நீளம் என்றும் வலிந்த முடிவு என்றும் சொல்கிறார்கள். நான் உடன்படவில்லை. எழுத முடியாதவன் முதன்முதலாக எழுதுவதே ஒரு கொலையாக இருக்கலாம் என்ற எண்ணம் படம் முடிந்து பல நாள் என்னை விடவில்லை.

இன்று கட்டுரை வாசிப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ‘மெதுவான படம்’ என்பதைப் பாராட்டாகவோ குறையாகவோ சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். எந்தக் காட்சி நீள்கிறது, அந்த நேரத்தில் பார்ப்பவர் மனத்தில் எது மாறுகிறது என்று காட்டுங்கள். பெண் காணாமல் போவதை வைத்துக் கதை நடத்தும் படத்தைப் பேசுகிறவர்கள், அந்தப் பெண் தனியாக இருக்கும் காட்சிகள் எத்தனை என்றும் எண்ணிச் சொல்லுங்கள். ‘பர்னிங்’ படத்தில் ஹே-மிக்கு அப்படி ஒரு காட்சிகூட இல்லை.